நிற்கும் காருக்கு சிடெக் எம்எக்ஸ்எஸ் 5.0: சார்ஜர் சரி, வயர் வேலை உங்கள் கையில்

செல்ஃப் அடித்து அடித்துத்தான் பேட்டரி இறங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால் வேறு மாதிரி வரும். 200 ஆம்பியர் வீதம் மூன்று நொடி செல்ஃப் அடித்தாலும் போவது 0.17 ஏஹெச் (ஆம்பியர்-ஹவர்) மட்டும்தான். பூட்டி நிறுத்திய கார் கடிகாரத்துக்கும் அலாரத்துக்கும் கதவுப் பூட்டு ரிசீவருக்குமாக 30 மில்லி ஆம்பியர் இழுத்தால், ஒரு நாளைக்கு 0.72 ஏஹெச், முப்பது நாளில் 21 ஏஹெச்சுக்கு மேல். 45 ஏஹெச் பேட்டரியில் கிட்டத்தட்டப் பாதி காலி. அந்த நிலையில் நிற்கும்போது தகடுகளில் படியும் லெட் சல்ஃபேட் மெல்ல இறுகிப் பெரிய படிகங்களாகிறது. அப்புறம் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது.

இந்த இழப்பை ஈடுகட்டத்தான் பேட்டரி மெயின்டெய்னர் என்ற வகைச் சார்ஜர்கள். அவற்றில் நிறையப் பேர் வாங்குவது ஸ்வீடன் நிறுவனமான சிடெக்கின் எம்எக்ஸ்எஸ் 5.0. இங்கே பார்க்கப்போவது அதைத்தான். கூடவே, அதை காரில் நிரந்தரமாகப் பொருத்தும் வயர் வேலையையும் பார்ப்போம். சார்ஜர் மீது வரும் குறைகளில் பாதி உண்மையில் அந்த வயர் வேலையின் குறைகள்.

பெட்டியைத் திறந்தால் சார்ஜர், முதலைவாய் கிளாம்ப் மாட்டிய ஒரு வயர், வளைய லக் (போல்ட்டில் கோக்கும் உலோக முனை) மாட்டிய இன்னொரு வயர். அவ்வளவுதான். சார்ஜர் அரை கிலோவுக்குச் சற்று மேல். ஐபி65 தரம் என்பதால் தூசியும் தெறிக்கும் தண்ணீரும் உள்ளே போகாது. அதற்காகத் தேங்கிய தண்ணீரில் போட்டுவைக்கலாம் என்று அர்த்தமில்லை. 1.2 முதல் 110 ஏஹெச் வரை சார்ஜ் ஏற்றும். ஏற்கெனவே நிரம்பிய பேட்டரியைப் பராமரிக்க மட்டும் என்றால் 160 ஏஹெச் வரை தாங்கும். அதிகபட்சக் கரண்ட் 5 ஆம்பியர்.

முகப்பில் எட்டு விளக்குகள், எட்டு கட்டங்களுக்கு. முதலில் சல்ஃபேட்டைத் தளர்த்தும் துடிப்புகள், அடுத்து மெதுவான தொடக்கம், மூன்றாவதாக முழு 5 ஆம்பியர் ஏற்றம். நான்காவது விளக்கு எரிந்தால் பேட்டரியில் பெரும்பகுதி ஏறிவிட்டது, வண்டி ஸ்டார்ட் ஆகும் என்று பொருள். இங்கே வோல்டேஜை 14.4-இல் பிடித்துக்கொண்டு கரண்டைக் குறைத்துக்கொண்டே வரும். ஐந்தாவது கட்டத்தில் ஏற்றுவதை நிறுத்திவிட்டு மூன்று நிமிடம், பேட்டரி வோல்டேஜைப் பிடித்து நிற்கிறதா என்று பார்க்கும். நிற்காவிட்டால் சிவப்பு விளக்கு. ஆறாவது, நாம் கேட்டால் மட்டும் வேலை செய்யும் ரீகாண்ட். ஏழாவதில் 13.6 வோல்ட்டில் பத்து நாள் மிதக்கவிடும். எட்டாவதில் ஏற்றத்தை நிறுத்திவிட்டு, வோல்டேஜ் 12.7-க்கு இறங்கினால் மட்டும் ஒரு துடிப்பு கொடுக்கும். மாதக் கணக்கில் மாட்டிவைத்தாலும் ஆசிட் கொதித்துத் தண்ணீர் வற்றாமல் இருப்பது இந்தக் கடைசி இரண்டு கட்டங்களால்தான். பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜரை இப்படி விட்டுவைத்தால் ஒரு வாரத்தில் தகடு வெளியே தெரியும்.

பட்டனை அழுத்தினால் மோடு மாறும். இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். கார் படம் சாதாரண ஆசிட் பேட்டரிக்கும் சீல் செய்த கால்சியம் பேட்டரிக்கும், 14.4 வோல்ட். பனிச்செதில் (ஸ்னோஃப்ளேக்) படம் 14.7 வோல்ட், வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே போகும் இடங்களுக்கும், ஏஜிஎம் (ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சிவைத்த) பேட்டரிகளுக்கும். பனியே பார்க்காத ஊரில் இருந்தாலும், உங்கள் காரில் ஏஜிஎம் பேட்டரி இருந்தால் பனிச்செதிலில்தான் வைக்க வேண்டும். படத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். பைக் படம் 0.8 ஆம்பியர், 14 ஏஹெச் வரையுள்ள சின்ன பேட்டரிக்கு மட்டும். அதில் கார் பேட்டரியை மாட்டினால் கெடாது, ஆனால் நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். 5 ஏஹெச் பைக் பேட்டரியை கார் மோடில் போட்டால்தான் சிக்கல், சூடேறிவிடும்.

ரீகாண்ட் மோடைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1.5 ஆம்பியர் மட்டும் விட்டு வோல்டேஜை 15.8 வரை உயர்த்தும். அரை மணி அல்லது நான்கு மணி நேரம். நன்றாகக் காலியாகி நெடுநாள் நின்ற ஆசிட் பேட்டரியில் அடர்த்தியான ஆசிட் அடியிலும் தண்ணீர் மேலேயும் பிரிந்து நிற்கும். ரீகாண்ட் எழுப்பும் குமிழிகள் அதைக் கலக்கிவிடுகின்றன. பயன் உண்மையானதுதான். ஆனால் 15.8 வோல்ட் என்பது காரின் எலக்ட்ரானிக்ஸுக்குப் பழக்கமான அளவில்லை, ஹைட்ரஜனும் நிறைய வெளியேறும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, காற்றோட்டமான இடத்தில், மூடி திறக்கும் பேட்டரி என்றால் முடிந்ததும் தண்ணீர் மட்டம் பார்த்து, வருடத்துக்கு ஒரு முறை செய்தால் போதும். ஏஜிஎம், ஜெல் பேட்டரிகளுக்கு வேண்டாம். இன்னொன்று: சார்ஜர் கடைசியாக வைத்த மோடை நினைவில் வைத்துக்கொள்ளும். ரீகாண்ட் முடிந்து மோடை மாற்றாமல் பிளக்கைப் பிடுங்கினால், அடுத்த முறை மாட்டியதும் அதே ரீகாண்டில்தான் தொடங்கும். மின்வெட்டுக்குப் பிறகு தானாகவே மீண்டும் தொடங்குவதும் இதே நினைவால்தான், ஆகவே அது வசதிதான். ரீகாண்ட் விஷயத்தில் மட்டும் கவனம்.

எவ்வளவு நேரம் ஆகும்? கார் நின்று சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டரில் 12.7 வோல்ட் இருந்தால் நிறைந்த பேட்டரி, 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசி. 45 ஏஹெச் பேட்டரி 12.2 காட்டினால் ஏற்ற வேண்டியது 22 ஏஹெச். 5 ஆம்பியரில் நாலரை மணி. இழப்பையும், கடைசியில் கரண்ட் குறைந்துகொண்டே போகும் நேரத்தையும் சேர்த்தால் ஓர் இரவு. 100 ஏஹெச் டீசல் வண்டி பேட்டரி பாதி காலி என்றால் ஒரு நாள் முழுக்க ஒதுக்குங்கள். அவசரத்துக்கு ஸ்டார்ட் பண்ண உதவும் கருவி இல்லை இது. கார் கம்ப்யூட்டரில் சாஃப்ட்வேர் ஏற்றும்போது வோல்டேஜைத் தாங்கிப்பிடிக்கவும் 5 ஆம்பியர் காணாது. சிடெக்கிலேயே பெரிய மாடல்களில்தான் அந்த சப்ளை மோடு இருக்கிறது. லித்தியம் பேட்டரிக்கும் இதை மாட்டக் கூடாது, அதற்குத் தனி மாடல் விற்கிறார்கள்.

பேட்டரி 2 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால் சார்ஜருக்கு அங்கே ஒரு பேட்டரி இருப்பதே தெரியாது. அப்படியும் ஏற்றிப் பார்க்க வேண்டுமென்றால், நல்ல பேட்டரி ஒன்றை ஜம்பர் வயரில் இணையாகக் கொடுத்து, சார்ஜர் விழித்துக்கொண்டதும் எடுத்துவிடலாம். ஆனால் அந்த அளவுக்கு இறங்கி வாரக் கணக்கில் நின்ற பேட்டரியிடம் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். சல்ஃபேட் நீக்கும் கட்டம் லேசாகப் படிந்ததைத்தான் கரைக்கும். இறுகிப்போனதை எந்தச் சார்ஜரும் திருப்பித் தராது. அட்டைப்பெட்டியில் எட்டு கட்டம், பத்து கட்டம் என்று அச்சடிப்பதைப் பார்த்து, செத்த பேட்டரிக்கு உயிர் வரும் என்று வாங்குபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

வாங்குவதற்கு முன்பே பேட்டரி தேறுமா என்று பார்த்துவிடுவது நல்லது. முழுக்க ஏற்றி, நெகட்டிவைக் கழற்றி, 12 மணி நேரம் விட்டு அளந்து பாருங்கள். 12.6-க்கு மேல் நின்றால் சரி. எதுவும் இழுக்காமலேயே 12.3-க்கு இறங்கினால் உள்ளே கசிவு. 10.5 அருகில் நின்றால் ஒரு செல் போய்விட்டது. ஒரு செல்லுக்கு 2.1 வோல்ட் அல்லவா. மூடி திறக்கும் பேட்டரி என்றால் ஹைட்ரோமீட்டரே சிறந்த சாட்சி: நிறைந்த செல்லில் 1.265-க்கு மேல் காட்டும், பாதியில் 1.190 அளவில். ஆறு செல்லில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 0.050-க்கு மேல் குறைந்தால் அந்த பேட்டரியை மாற்றத்தான் வேண்டும். கடைசியாக, செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், 9.6-க்குக் கீழே விழக் கூடாது. பேட்டரி முனையில் 10.5 இருந்தும் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது என்றால் சந்தேகம் கேபிள் மேல் போக வேண்டும். நெகட்டிவ் முனையிலிருந்து எஞ்சின் பிளாக் வரை அளந்தால், செல்ஃப் அடிக்கும் நேரத்தில் 0.2 வோல்ட்டுக்கு மேல் வரக் கூடாது. வந்தால் எர்த் ஸ்ட்ராப்பின் போல்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, மீண்டும் இறுக்குங்கள். இந்தக் கோளாறுக்குப் பேட்டரியையே மாற்றியவர்கள் உண்டு.

கசிவையும் பார்த்துவிட வேண்டும். மெயின்டெய்னர் மாட்டிவிட்டால் கசிவு தெரியாமல் மறைந்துபோகும் என்பதுதான் இந்தக் கருவியின் மீது உள்ள நியாயமான ஒரே வருத்தம். மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, நெகட்டிவ் முனைக்கும் கேபிளுக்கும் நடுவே தொடராக வையுங்கள். பானெட் பூட்டை ஒரு ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளி, கதவுகளைச் சாத்தி, சாவியைத் தூர வைத்துவிட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். உள்ளிருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக உறங்கப் போகும். 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே வந்து நின்றால் சரி. மீட்டர் தொடரில் இருக்கும்போது செல்ஃப் அடிக்கவோ, ஹெட்லைட் போடவோ கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். அதிகம் காட்டினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டாம். திரும்பச் செருகும்போது உறங்கிய கம்ப்யூட்டர் எழுந்துகொண்டு கணக்கைக் குழப்பும். ஃபியூஸின் முதுகில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் மீட்டரை மில்லிவோல்ட் அளவில் வைத்துப் பாருங்கள். கரண்ட் ஓடாத ஃபியூஸில் பூஜ்யம். 10 ஆம்பியர் பிளேடு ஃபியூஸில் 1 மில்லிவோல்ட் காட்டினால் சுமார் 130 மில்லி ஆம்பியர் ஓடுகிறது.

பெரும்பாலும் பிடிபடுவது கம்பெனி வயரிங் அல்ல, பிறகு சேர்த்தது. மியூசிக் சிஸ்டத்தின் மஞ்சள் வயர் பேட்டரி லைன், சிவப்பு சாவி லைன். இரண்டையும் ஒன்றாக முறுக்கி பேட்டரி லைனில் கொடுத்துவிட்டால் செட் உறங்கவே உறங்காது. டேஷ்கேமின் பார்க்கிங் வசதியும் இப்படித்தான். அதன் பெட்டியில் வோல்டேஜ் இறங்கினால் துண்டிக்கும் அளவை மாற்ற முடிந்தால் 12.2-க்கு மேல் வையுங்கள்; 11.8-இல் விட்டால் அது துண்டிக்கும்போது பேட்டரியில் துண்டிக்க ஒன்றும் மிச்சமிருக்காது.

இப்போது வயர். சிடெக்குடன் வரும் வளைய லக் வயரைப் பேட்டரியோடு நிரந்தரமாக மாட்டிவிட்டு, அதன் மறுமுனைக் கனெக்டரை வெளியே எட்டும் இடத்தில் விட்டுவிட்டால், பானெட்டைத் திறக்காமல் ஐந்து நொடியில் சார்ஜர் மாட்டலாம். கிளாம்ப்பைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். இந்தச் சார்ஜரின் உண்மையான வசதி இதில்தான் இருக்கிறது. லக் 6 மி.மீ. போல்ட்டுக்கு ஏற்றது, கார் டெர்மினல் கிளாம்ப்பின் போல்ட்டுக்குப் பெரும்பாலும் சரியாகப் பொருந்தும். உங்கள் வண்டியில் 8 மி.மீ. போல்ட் என்றால் லக்கின் துளையை டிரில் போட்டு அகட்டாதீர்கள், ஓரம் மெலிந்து விரியும். 8 மி.மீ. லக் வயர் தனியாகக் கிடைக்கிறது.

கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். இது மனப்பாடமாக வேண்டும். பாசிட்டிவைக் கழற்றும் ஸ்பானர் பாடியில் உரசினால், நெகட்டிவ் ஏற்கெனவே கழன்றிருந்தால் ஒன்றும் நடக்காது. இல்லையென்றால் ஸ்பானரே வெல்டிங் ராடு ஆகிவிடும். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், ஒரு குவளை வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்து ஊற்றிப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீர் விட்டுத் துடையுங்கள். மூடி திறக்கும் பேட்டரியில் அந்தக் கரைசல் ஒரு துளிகூட செல்லுக்குள் போகக் கூடாது. உலர்ந்ததும் உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்கி, லக்கை மாட்டி இறுக்கி, அதன் பிறகுதான் பெட்ரோலியம் ஜெல்லி. முதலில் ஜெல்லி தடவிவிட்டு இறுக்குவதைவிட இதுவே நல்லது: உலோகம் உலோகத்தைத் தொட வேண்டும், ஜெல்லி வெளியே காற்றைத் தடுக்க வேண்டும்.

நெகட்டிவ் லக்கை எங்கே மாட்டுவது என்பதில் ஒரு நுணுக்கம். புதிய கார்கள் பலவற்றில் நெகட்டிவ் டெர்மினலிலேயே தீப்பெட்டி அளவில் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். பேட்டரிக்குள் போவதையும் வருவதையும் எண்ணுவது அதன் வேலை. லக்கை நேராக பேட்டரி முனையில் மாட்டினால் சார்ஜரின் கரண்ட் அந்த சென்சாரைச் சுற்றிக்கொண்டு போய்விடும்; பேட்டரி நிரம்பியிருந்தும் கார் அதைக் காலி என்றே நினைக்கும், சிக்னலில் எஞ்சின் தானாக நின்று எழும் வசதி வேலை செய்யாது. சென்சார் இருந்தால் நெகட்டிவ் லக் பாடி எர்த் போல்ட்டில். பெயிண்ட் இல்லாத, கம்பெனி போட்ட எர்த் போல்ட்டாகவே தேடிப் பிடியுங்கள்.

கனெக்டரை கிரில் ஓரத்துக்கோ டிக்கிக்கோ கொண்டுபோக வயர் நீளம் போதவில்லை என்று நீட்டுபவர்கள் கணக்குப் பார்க்க வேண்டும். 2 மீட்டர் தூரம் என்றால் போகவும் வரவுமாக 4 மீட்டர் செம்பு. 1 சதுர மி.மீ. வயரில் 5 ஆம்பியருக்கு 0.35 வோல்ட் விழும், 1.5-இல் 0.23, 2.5-இல் 0.14. கடைசி வோல்டேஜ் இதனால் கெட்டுவிடாது, கரண்ட் குறையக் குறைய இந்த இழப்பும் குறைந்துவிடும். ஆனால் சார்ஜர் தன் முனையில் 14.4 பார்த்ததும் பேட்டரி அங்கே வந்துவிட்டதாக நினைத்து, முழு ஏற்றத்தைச் சீக்கிரம் நிறுத்திவிடும். நேரம் கூடும். 2.5 சதுர மி.மீ. போட்டுவிட்டால் இந்த யோசனையே தேவையில்லை. வாங்கும்போது ஓர் இழையைக் கத்தியால் சுரண்டுங்கள்: வெளியே வெள்ளி நிறமாக இருந்து உள்ளே செம்பு என்றால் ஈயம் பூசிய செம்பு, நல்லது, வெளியே செம்பாக இருந்து உள்ளே வெள்ளை என்றால் அலுமினியம், கையில் எடுக்காதீர்கள். அது முறிந்தும் அரித்தும் போகும்.

பாசிட்டிவ் வயரில் ஃபியூஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் தண்ணீர் புகாத பிளேடு ஃபியூஸ் ஹோல்டர் ஒன்றைப் போட்டு 10 ஆம்பியர் ஃபியூஸ் செருகுங்கள். சார்ஜர் 5 ஆம்பியர்தானே, ஃபியூஸ் எதற்கு என்று கேட்பார்கள். வயரின் மறுபக்கம் இருக்கும் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியர் தரும். கனெக்டர் பக்கம் வயர் நசுங்கி எர்த்தில் பட்டால் எரிவது சார்ஜரின் கரண்டால் அல்ல, பேட்டரியின் கரண்டால். ஃபியூஸை டிக்கி முனையில் போட்டுவிட்டு, பேட்டரியிலிருந்து அங்கே வரை காவலில்லாமல் விடுவது வீட்டில் நாமே செய்யும் வயர் வேலையில் அடிக்கடி காணும் தவறு.

ஜாயின்ட்டில் சால்டரிங் வேண்டாம். ஈயம் இழைகளுக்குள் ஊறி, ஊறிய இடம் முடியும் விளிம்பில் வயர் விறைத்துப்போகும். எஞ்சின் அதிர்வில் அங்கேயே முறியும். 6, 7 மி.மீ. உரித்து, நீல நிற லக் அல்லது பட் கனெக்டரில் செருகி, ராட்செட் கிரிம்பிங் டூலால் அழுத்துங்கள். பிளையரால் நசுக்கியது அழகாகத் தெரியும், இழுத்தால் கழன்று வரும். ஆகவே ஒவ்வொரு ஜாயின்ட்டையும் கையால் பலமாக இழுத்துப் பாருங்கள். பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவைக் கிரிம்ப் செய்வதற்கு முன்பே வயரில் கோத்துவிட வேண்டும். ஆயிரம் முறை செய்தவரும் ஒருநாள் இதை மறப்பார்.

வயர் போகும் பாதையில் எக்ஸாஸ்ட், ரேடியேட்டர் ஃபேன், ஸ்டியரிங் ஷாஃப்ட் மூன்றிலிருந்தும் விலகி வாருங்கள். தகரத்தைத் துளைத்துப் போக வேண்டியிருந்தால் கம்பெனி ரப்பர் வாஷர் இருக்கும் துளையையே பயன்படுத்துங்கள். நெளிவுக் குழாய் போட்டு, ஒரு சாணுக்கு ஒரு கேபிள் டை. கனெக்டரின் ரப்பர் மூடியை எப்போதும் மூடியே வையுங்கள், உள்ளே மண் ஏறினால் கான்டாக்ட் சூடாகும்.

சார்ஜரை எஞ்சின் மேலேயோ பேட்டரியின் மேலேயோ வைக்காதீர்கள். தன்னைச் சுற்றியுள்ள வெப்பநிலையைப் பார்த்துத்தான் அது வோல்டேஜைச் சரிசெய்கிறது. ஓடி வந்த எஞ்சினின் சூட்டில் கிடந்தால் பேட்டரி சூடாக இருப்பதாக எண்ணிக் குறைவாக ஏற்றும். மூடி திறக்கும் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது ஏற்றி முடித்த பிறகு. முன்பே நிரப்பினால் ஏறும்போது பொங்கி ஆசிட்டாக வழியும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்கு முதலில் கொஞ்சம்.

தலைகீழாக மாட்டினாலும் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும், தீப்பொறியும் பறக்காது. இருந்தாலும் முதலில் பேட்டரி பக்கம், பிறகு சுவர் பிளக். எடுக்கும்போது முதலில் சுவர் பிளக். கனெக்டரை வெளியே விடும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஓட்டுநர் கதவுப் பக்கத்திலிருந்து கண்ணில் படும் மூலையாகப் பாருங்கள். சார்ஜரோடு வண்டியைக் கிளப்பினால் முதலில் பிய்வது கனெக்டர், அது பிய்யாவிட்டால் பேட்டரி முனையில் நீங்கள் இறுக்கிய அந்த லக்.